மௌனத்துக்குப் போகும் பாதை

குன்றின்மேல் நின்று, ஏறி வருவோரையும் இறங்கிப் போவோரையும் ஒரே அருட்பார்வையால் நோக்கும் வேலவனே, வழி அறியாதார்க்கு வழியாகவும் வழி அறிந்தார்க்கு அதன் முடிவாகவும் இருப்பவனே, இச்சொற்கள் தத்தம் இடம் சென்று சேர நீயே துணை.

பங்குனி உத்திர நன்னாளாகிய இன்று நீராடி விளக்கேற்றி எழுத அமர்ந்தேன். எழுத எடுத்துக்கொண்டது சென்ற தைப்பூசத்தில் நிகழ்ந்தது.

பணிக்காலம் முழுவதும் நகரத்து நிறுவனம் ஒன்றில் கணினிக்கு நிரல் எழுதி வாழ்ந்தவன் நான். ஓய்வுபெற்ற பின் சந்தவாசலுக்கு அருகில், மனைவி வழியில் வந்த நிலத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். விடிகாலையில் பதிகங்களும் பாசுரங்களும். வெயில் ஏறிய பின் பைத்தான் என்னும் நிரல்மொழி. இரண்டுக்கும் ஒரே மேசை. திருமுறை நூலின்மேல் மடிக்கணினியை வைக்கக் கூடாது என்பது மட்டும் வீட்டுச் சட்டம். சட்டம் இயற்றியவள் மனைவி.

ஜவ்வாது மலைச் சரிவில் இருக்கும் சிறு முருகன் கோயிலில் ஒவ்வொரு பூசத்துக்கும் அவள் பாடுவாள். சில ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் அறுவை நடந்தது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அன்று முதல் அவள் பேச்செல்லாம் செல்போனில்தான். எழுத்துகளை அடித்து, திரையை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். வாயால் பேசிய காலத்தைவிட இப்போதுதான் அதிகம் பேசுகிறாய் என்று ஒருமுறை சொன்னேன். "முன்ன நீங்க கேக்கல. இப்ப படிக்கிறீங்க" என்று திரை வந்தது.

அறுவைக்கு முந்திய மாதத்தில் அவளுக்குத் தெரிந்த பாடல்களையெல்லாம் பாடச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தோம். அவற்றைக் கணினியில் அடுக்கியவள் அவளே. பாடலை அதன் முதற்சொல்லால் அழைப்பது பாடுவோர் வழக்கம். ஆகவே பாட்டுக்கொரு கோப்புறை, கோப்புறைக்குப் பாட்டின் முதற்சொல்லே பெயர். யார் இயற்றியது என்று எவருக்கும் தெரியாத ஒரு பாடல் 'மௌனம்' என்று தொடங்கும். பூசத்தன்று தீபாராதனைக்கு அவள் எப்போதும் பாடியது அதுதான்.

சென்ற மார்கழியில் தன் விருப்பத்தைச் சொன்னாள். "பூசத்துக்கு அந்தப் பாட்டு கோயில்ல ஒலிக்கணும். நான் கீழ ஜனங்களோட நின்னு கேக்கணும். பாடுறப்போ எனக்கு என் மூச்சுதான் கேட்டுது. ஜனங்க இன்னா கேட்டாங்கன்னு தெரியல." சிறிது நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. "நாம ரெண்டு பேரும் இல்லாத பூசத்துலயும் அது தானாப் பாடணும்."

கையகலக் கணிப்பொறி ஒன்றை வாங்கி, அதற்கு நிரல் எழுதத் தொடங்கினேன். அந்தந்த நாளுக்குரிய பாடல் எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்று காட்டும் பாதைப்பெயரைக் கட்டி, பாதையின் முடிவில் இருக்கும் கோப்பைத் திறந்து ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவே. ஆனால் பாதைப்பெயர் என்பது நெடுங்காலமாக என் மனத்தை மயக்கும் பொருள். பைத்தானில் ஒரு பெயரோடு அடுத்த பெயரைச் சேர்க்க ஒரு சாய்கோடு போதும். கணக்கில் வகுக்கும் கோடு அங்கே சேர்க்கும் கோடாகிவிடுகிறது. ஒற்றைப் புள்ளி வைத்தால் நிற்கும் இடம். இரட்டைப் புள்ளி வைத்தால் ஒரு படி மேலே, அதைத் தன்னுள் அடக்கிய பெற்ற கோப்புறை. அப்படியே மேலே மேலே போய், வேர் எனப்படும் முதற் கோப்புறையை அடைந்து, 'உன்னைப் பெற்றது யார்' என்று கேட்டால், அது தன்னையே திருப்பிக் காட்டும். தாயும் தந்தையும் இல்லாத ஒருவனைப் பாடிய பாடல்களில் ஊறிய நான், முதன்முதலில் இதைத் திரையில் கண்டபோது விரலை எடுத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எல்லாப் பாடல்களும் பாடின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நான் சோதிக்கவில்லை. சோதிக்க அவள் விடவில்லை. "படையலை ருசி பாத்துட்டா வைக்கிறோம்? சாமிக்கு முன்ன வூட்ல கேட்டு எச்சில் பண்ணாதீங்க." படையலுக்கு ஆக்கும்போது உப்புக்கூட நாவில் வைத்துப் பார்க்காத வீடு இது. நிரல் எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை; என்றாலும் அவள் சொன்னது சரி என்றே பட்டது.

பூசத்துக்கு முந்திய நாள் பகலில் இருவரும் மலையேறினோம். வளைவுக்கு வளைவு பேருந்தின் சன்னலுக்குள் பனி நுழைந்து, முன் இருக்கைக்காரரின் தலையைத் தொட்டுவிட்டு வெளியே போயிற்று. சாமைக் காடுகள் அறுப்பு முடிந்து வெறுமையாய்க் கிடந்தன. கோயிலில் பூசாரி எங்களுக்காகக் காத்திருந்தார். கணிப்பொறியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாரே, சோப்புப் பொட்டி மாதிரி இருக்குது. இதுக்குள்ளயா அம்மா பாட்டு அத்தனையும் இருக்குது?"

"ஆமாங்க, அத்தனையும்."

"அப்ப நாளைக்கு இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடலாங்க."

ஒலிபெருக்கியோடு இணைத்து மின்சாரம் கொடுத்தேன். ஒரு பாடலும் வரவில்லை. மடிக்கணினியை இணைத்துப் பார்த்ததும் காரணம் விரைவில் புலப்பட்டது. வீட்டில் பாடல்கள் இருந்த கோப்புறைக்குள் நின்றே நிரலை ஓட்டியிருந்தேன். 'இங்கிருந்து இப்படிப் போ' என்று பாதை எழுதியிருந்தேன். கோயிலில் அது தானாக விழித்தெழும்போது நிற்கும் இடம் வேறு. நிற்கும் இடம் மாறினால் 'இங்கிருந்து' என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிடும். நிரல் எங்கே குடியிருக்கிறதோ அந்த இடத்தை முதலில் அறிந்து, அதிலிருந்தே பாதையைக் கட்டும்படி திருத்தினேன். பிள்ளையார் பாட்டு பாடியது. அம்மன் பாட்டு பாடியது. கோயில் வாசலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள்.

'மௌனம்' மட்டும் பாடவில்லை. அது ஒலிக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிடலாம் என்று மனைவியிடம் பேசி இசைவு வாங்கித்தான் தொட்டேன். ஒலிக்கவே இல்லை. அந்தப் பெயரில் கோப்போ கோப்புறையோ இல்லை என்று திரை சொல்லிற்று.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் திரையை நீட்டினாள். "மெளனம் இல்லன்னு சொல்லுதா? இருக்குது. நான்தான் வெச்சேன்."

இருந்தது. பட்டியலைக் கேட்டால் அந்தப் பெயர் கண்ணெதிரே வந்து நின்றது. பெயரைச் சொல்லி அழைத்தால் இல்லை என்றது. நிரலில் இருந்த பெயரை அழித்துவிட்டு மீண்டும் அடித்தேன். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"பேர் வெச்சவங்க கூப்டாத்தான் வரும் போல" என்றார் பூசாரி. பிறகு இரக்கப்பட்டு, "ஏன் சாரே, நாளைக்கு நீங்களே அந்தப் போல்டரக் கையால அமுக்கித் தொறந்து வுட்டுடக் கூடாதா?" என்றார்.

நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி அடித்தாள், படித்துக் காட்டும்படி என்னிடம் கொடுத்தாள். "நாளைக்கு இவரு அமுக்குவாரு. அப்புறம் வர்ற பூசத்துக்கெல்லாம் யாரு அமுக்குவா?" இறங்கும் பேருந்தின் ஒலி வளைவில் கேட்டது. நிரலின் நகல் ஒன்று மடிக்கணினியில் இருந்தது. பொறியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். எனக்கும் கண் செருகிற்று. அந்த அரைத்தூக்கத்தில் பனிக்குள் நடந்துகொண்டிருந்தேன். வழி இரண்டாகப் பிரியும் இடந்தோறும் ஒரு சாய்கோடு, சாய்ந்த வேலைப் போல நடப்பட்டிருந்தது. சுனை என்றொரு பெயர், பலா என்றொரு பெயர், பாறை என்றொரு பெயர். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அந்தந்த இடம் பனியிலிருந்து வெளிப்பட்டது. கடைசியாக மௌனம் என்றேன். அவள் குரல் மிக அருகில் கேட்டது, இடம் வெளிப்படவில்லை. பாதை இருக்கிறது, பெயர் இருக்கிறது, பொருளும் இருக்கிறது; ஏன் ஒன்றையொன்று அறியவில்லை என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தேன். பேருந்து குலுங்கி நின்றது. சந்தவாசல்.

எதிரில் திருவண்ணாமலைக்குப் புறப்பட நின்ற வண்டியின் நெற்றியில் பலகை மாட்டியிருந்தது. பூசம் நிறைமதியோடு வந்ததால் கிரிவலத்துக்கு விட்ட வண்டி. 'பெளர்ணமி சிறப்புப் பேருந்து.' எழுதிய ஓவியர் இரண்டாம் எழுத்தைத் தனியாக, தடிப்பாக, ஒரு முழு ளகரமாகவே தீட்டியிருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் இறங்க வேண்டியவர் "பெரியவரே, எறங்குங்க, இல்ல ஏறுங்க" என்றார்.

நம் ஔகாரக் குறியின் வலப்பக்க உறுப்பு பார்வைக்கு ளகரத்தைப் போன்றது. ஆனால் ளகரம் அன்று. கடைப் பலகையிலும் சுவரொட்டியிலும் அந்த இடத்தில் ளகரத்தையே எழுதிவிடுவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். செல்போனில் அடிப்பவர்களும் ஒற்றைக்கொம்பைத் தட்டி, அடுத்து ளகரத்தைத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். வாயும் ஒன்றாகவே ஒலிக்கும். பொறிக்கு மட்டும் அது வேறு சொல். இலக்கணப்படி ஔகாரம் அடித்தவன் நான். அவள் பெயர் வைத்ததோ ளகரத்தால்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளிடம் விளக்கினேன். தெருவிளக்கின் கீழ் நின்று அடித்தாள். "அப்ப நான் எழுதினது தப்பா?"

"இலக்கணம்னு பாத்தா..."

திரையை இன்னும் அருகில் நீட்டினாள்.

"தப்புதான்" என்றேன். "நாளைக்கு மேல போனதும் பேரைத் திருத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

அவள் அடுத்த தெருவிளக்கு வரை நடந்தாள். பிறகு வந்தது: "பஸ்ல எழுதியிருக்கிறதும் தப்புதான? அது திருவண்ணாமலைக்குப் போய்ச் சேருமா சேராதா?"

அந்த வண்டியில் ஏறிய அத்தனை பேரும் இன்றிரவே மலையை வலம் வரத் தொடங்கிவிடுவார்கள்.

பூசத்தன்று வைகறையில் பாடம் ஓதி முடித்ததும் நிரலைத் திறந்தேன். கோப்புறையின் பெயரில் கைவைக்கவில்லை. அழைக்கும் பெயரையும் அங்கிருக்கும் பெயர்களையும் ஒப்பிடும் பொழுதில் மட்டும், ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வந்தால் அதை ஔகாரமாக எண்ணிக்கொள்ளும்படி எழுதினேன். அவள் அடுக்கியவற்றில் 'வெள்ளம்' என்று தொடங்கும் பாடலும் உண்டே, அதிலும் கொம்பை அடுத்து ளகரம்தானே என்று பிறகு நினைவு வந்து திடுக்கிட்டேன். இரு பக்கமும் ஒரே விதமாக மாற்றி ஒப்பிடுவதால் வெள்ளத்துக்கு ஊறு நேரவில்லை. பொருந்தும் பெயர் கிடைத்ததும், அவள் எழுதிய எழுத்திலேயே பாதை கட்டப்படும். திருத்தமாக அழைப்பவனுக்கும் வழக்கப்படி அழைப்பவனுக்கும் அதே கதவு.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. மாற்றிய நிரலைப் பொறியில் ஏற்றி, மடிக்கணினியை மூடித் தோள்பையில் போட்டுவிட்டு, அவளருகே வந்து நின்றேன். முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவில்லை. பூசாரி சொன்னபடியே பொறிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். குறித்த வேளை வந்தது. தட்டில் சுடர் எழுந்தது. ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு, பின் ஒரு மூச்சு. எனக்குத் தெரிந்த மூச்சு. "மௌனம்" என்ற முதற்சொல் பனிக்குள் நீண்டு போயிற்று.

அவள் கண்ணை மூடவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களின் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கை தொடையில் தாளம் போட்டது. எத்தனையோ பூசங்களில் அவள் காணாத ஒன்றை அன்று கண்டிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் அடித்து, அழித்து, மீண்டும் அடித்து, திரையை நீட்டினாள்.

"ரெண்டாவது அடியில மூச்சு பத்தல. யாரும் கவனிக்கல."

நானும் கவனிக்கவில்லை என்றேன். "அது தெரிஞ்சதுதான்" என்று வந்தது. பொறியை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கினோம்.

இதைப் படிப்போர் எந்த எழுத்தில் அழைத்தாலும் அழைத்தது அவர்களுக்குச் செவிசாய்க்கட்டும். நிற்கும் இடம் மாறினாலும் அவர்கள் வேர் மாறாதிருக்கட்டும். இல்லை என்று திரை சொன்ன ஒன்று அவர்கள் இல்லத்தில் இருந்தபடியே இருந்து, உரிய வேளையில் வாய்திறக்கட்டும். குன்றின்மேல் நிற்பவன் அவர்கள் யாவரையும் காக்க.