ஓடைப்பாலத்து மூங்கில்

போன மாதம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டு அம்மாவின் காலடியில் ஒரு கட்டைப்பை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பை சரிந்து, காய்ந்த கொத்தமல்லி வாசனை குபீரென்று கிளம்பியது. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே மாவட்ட எல்லைப் பலகை கடந்துபோனது. மல்லியும் எல்லையும் சேர்ந்து வந்தால் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏனென்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். நடுவில் ஓர் ஓடை, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர். கிழக்கே எங்கள் கரை, மேற்கே அந்தக் கரை, இடையில் கைப்பிடிச் சுவர் உடைந்த பாலம். பெரம்பலூர் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. தமிழிலும் இங்கிலீஷிலும் லோயர் டைப்பிங் பாஸ் செய்துவிட்டு, அரசாங்கமே என் விரல்களுக்காகக் காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் கூப்பிடவில்லை. பருத்தி மல்லி வியாபாரிகள் கூட்டுச் சங்கம் கூப்பிட்டது.

சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு ஊர் சேர்ந்த சங்கம் அது. எந்த ஊர் வியாபாரியும் ஒரு தடவை மகமை, அதாவது சங்கத்துக்கான வரி, கட்டினால் போதும். சங்கத்தின் மஞ்சள் சீட்டைக் காட்டி மூட்டையை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். யாரும் மறிக்க மாட்டார்கள். எடைமேடையும் குடோனும் ஆபீசும் மேற்குக் கரையில், பாலத்தை ஒட்டி இருந்தன. என் மேஜை ஜன்னலோரம். தை மாசியில் வேலை செய்ததைவிடத் தும்மியதுதான் அதிகம். அந்தப் பருத்தித் தூசிக்கு இப்போதும் மூக்கு ஏங்குகிறது என்றால் சிரிக்காதீர்கள்.

தலைவர் சதக்கத்துல்லா பாய். லப்பைக்குடிக்காட்டில் பிறந்து, துபாயில் பத்து வருடம் இருந்துவிட்டு, எங்கள் மேற்குக் கரையில் பருத்தி மண்டி வைத்தவர். செயலாளர் ஆரோக்கியசாமி சார், எங்கள் கிழக்குக் கரைக்காரர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர். பாய் கண்ணாடியை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வருவார். வருகிற கடிதங்களை சார்தான் உரக்கப் படிப்பார், நடுவில் வாத்தியார் குரலில் பிழைதிருத்தமும் செய்வார். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் இருவரும் டீ குடித்தபடி, இரண்டு கரைக்கும் சண்டை போடாத ஆள் யார் என்று பேசுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொன்ன ஆட்களே ஜெயிப்பார்கள். எங்கள் ஊர் அரசியல் அவ்வளவுதான்.

என் அக்காவை அந்தக் கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா டெம்போ ஓட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போகமாட்டேன். அக்கா வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு நடந்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முக்கியக் காரணமே அந்தக் குழம்புதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டாயிரத்து ஒன்றில் அரியலூர் தனி மாவட்டமானது. எங்கள் ஓடை எல்லையாகி, கிழக்குக் கரை அரியலூருக்குப் போனது; இரண்டு கரையும் தனித்தனிப் பஞ்சாயத்தாகிவிட்டன. எங்கள் கரையில் வெடி வெடித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பேச்சு மாறியது. நம் மாவட்டம் வேறு, நமக்கு எதற்கு அவன் சங்கம்?

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எடைமேடை அவர்கள் கரையில் இருந்ததால் எங்கள் வண்டிகள்தான் எப்போதும் கடைசியில் நிற்கும். மூட்டை தூக்கும் வேலையில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டபோது ஆரோக்கியசாமி சார் எழுந்து கேட்டார்.

"இன்னும் எத்தன காலத்துக்கு பாய் நாங்க ஒங்க வாசல்ல நிக்கிறது?"

பாய் அடிபட்டவர் போலப் பார்த்தார். "இத்தன வருசமா மனசுல இருந்ததா சார் இது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடைமேடையத் தூக்கி பாலத்து மேலயே வச்சிருப்பனே."

கிழக்குக்கரை வியாபாரிகள் கை தூக்கினார்கள். வெளியேறுவது என்ற பக்கம் நாலைந்து கைகள் கூடுதல். விலகல் கடிதத்தை அடித்தது நான்தான். மூன்று கார்பன் வைத்து, ஒரு பிழை இல்லாமல். "நல்லா அடிச்சிருக்கம்மா" என்றார் சார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன அடித்தேன் என்பதை விட்டுவிட்டு, எப்படி அடித்தேன் என்று பூரித்துப்போன ஜென்மம் நான்.

மஞ்சள் சீட்டு மறுநாளே செல்லாமல் போனது. மேற்குக் கரைச் சுமைதூக்கிகளின் தலைவர் பாலத்து முனையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, எங்கள் கரை மூட்டைக்குத் தனி மகமை கேட்டார். எங்கள் ஆட்கள் இந்த முனையில் இன்னொரு மூங்கில் கட்டினார்கள். வெளியூர் லாரிக்காரர்கள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு வேறு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு மூங்கிலுக்கும் குனிந்து வேலைக்குப் போய்வந்தேன். கிழக்குக் கரைப் பெண்ணை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "மெஷினுக்கு ஏது கெழக்கு மேக்கு?" என்றாராம் பாய்.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். மாமா டெம்போவில் எங்கள் பெரியப்பா வீட்டு மல்லியை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் கரை மூங்கிலில் நாலு பேர் மறித்தார்கள். மாமா இறங்கினார்.

"என் பொண்டாட்டியோட பெரியப்பா வூட்டு மல்லிடா இது. வழிய வுடுங்க."

"மல்லி எங்களுது. வண்டி ஒங்களுது. போவாது."

வாய்ச்சண்டை கைகலப்பானது. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் மாமாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுவர் உடைந்த இடத்தில் மாமா பின்பக்கமாகப் போனார். ஓடையில் தண்ணீர் இல்லை. கல்தான் இருந்தது.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலம் ஆரோக்கியசாமி சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் எங்கள் கரைக்கு அவர்தான் நிற்பது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது.

"கேஸாச்சுன்னா நம்ம பசங்க நாலு பேரு உள்ள போயிருவாங்கம்மா. நீ பாக்கலன்னு சொல்லிடு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இந்தத் தெருவில்தானே நாங்கள் வாழவேண்டும்? எனக்குப் பிடித்த வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் கேட்டபோது, "மெஷின்ல குனிஞ்சிருந்தேன் சார், எதையும் பாக்கல" என்றேன். தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவர் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒன் ஜன்னல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அடுத்த நாள் வேலைக்குப் போனபோது என் மேஜை சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. "இனிமே நீ எதையும் பாக்க வேணாம்மா" என்றார் பாய். இரக்கத்தில் சொன்னாரா, வெறுப்பில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேர்தலில் யாரும் ரோட்டைப் பற்றியோ குடிதண்ணீரைப் பற்றியோ பேசவில்லை. நீ எந்தக் கரை என்பது ஒன்றுதான் கேள்வி. எங்கள் பக்கம் சார் ஜெயித்தார். அந்தப் பக்கம், சங்கத்தை மறுபடி சேர்ப்பேன் என்று சொல்லி பாய் நின்றார். பதினைந்து வருடமாக அவரிடம் யாரும் ஊர் கேட்டதில்லை. அந்தத் தேர்தலில் கேட்டார்கள். 'லப்பைக்குடிக்காட்டுக்காரனுக்கு இங்க என்ன வேல?' என்று சுவரிலேயே எழுதினார்கள். மூங்கில் கட்டிய சுமைதூக்கிதான் அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார்.

அடுத்த வருடமே அரசாங்கம் அரியலூரைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "பாய், மாவட்டம் சேந்துருச்சு! சங்கமும் சேந்துரும்ல?"

"கவருமெண்டுக்கு ஒரு கையெழுத்து போதும்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

சாருக்கு அதற்குள் தெளிந்திருந்தது. லாரி வராமல் எங்கள் கரைப் பருத்தி வீட்டுக்குள்ளேயே பழுப்பேறிக் கிடந்தது. திரும்பச் சேரலாம் என்று அவர் கேட்டனுப்பியபோது, மேற்குக் கரைத் தலைவர், பாலத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். சார் அதற்கும் துணிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு தனியாக நடந்து பாலத்துக்குப் போய், கைகூப்பிக் கேட்டார். எதிரே நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்தால் எங்கள் கரை மூங்கில் இறங்கியிருந்தது. அவரால் ஜெயித்த வார்டு மெம்பர்களே கட்டிவிட்டு நின்றார்கள்.

"மன்னிப்புக் கேட்டவன் எங்களுக்குத் தலைவன் இல்ல."

வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாலத்தின் நடுவே நின்றார். இந்தப் பக்கமும் விடவில்லை, அந்தப் பக்கமும் விடவில்லை. கடைசியில் பாய் வந்து ஓடைக்குள் இறக்கி, முள்ளுக்காட்டு வழியாகக் கூட்டிப்போய் வீட்டில் விட்டார். அதற்குப் பிறகு சார் மண்டியைத் திறக்கவில்லை. பாய் ஐம்பத்து நாலு வயதில் மறுபடி துபாய்க்கு விமானம் ஏறினார், யாரோ ஒருவர் கடையில் கல்லாவில் உட்கார. ஆபீசைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் மாதக்கணக்கில் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாயிரத்து ஏழில் அரியலூரை மறுபடி பிரித்தார்கள். ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. பிரிப்பதற்கு அப்போது எங்கள் ஊரில் எதுவும் மிச்சம் இல்லை. எடைமேடையை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் மக்காச்சோளம் விதைத்து, வயலுக்கே வரும் வெளியாளிடம் அவன் சொன்ன விலைக்கு விற்றார்கள்.

அந்த வருடக் கடைசியில் மாமாவைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோல் ஊன்றி நடந்தார். அக்கா கதவைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து என்னை 'வாடி', 'போடி', 'எருமை' என்றே கூப்பிட்டவள். விலகி வழிவிட்டாள்.

"வாங்க" என்றாள். "ஒக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். 'வாடி' என்று என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் இப்போது யாரும் இல்லை.