சர்க்கரை ஏறட்டும் என்று காத்திருந்தவர்

அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டிருந்தபோது பத்மினியின் அழைப்பு வந்தது. "மாமா, அப்பா போயிட்டாரு. சாயங்காலம் எடுக்குறோம், வந்துருங்க." அப்பா சுப்புராம் அண்ணனைப் போலவே சுற்றி வளைக்கத் தெரியாத பெண்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தொண்ணூறுகளில் அவர் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை வேறு எலிகளிலிருந்து எடுத்து, நோயுள்ள எலிகளின் ஒரு சிறுநீரகத்தில் பதித்துவந்தார். உடல் அந்நியத் திசுவைச் சும்மா விடாது; எதிர்ப்பை அடக்கும் மருந்தை நிறுத்தியதும் அழித்துவிடும். மருந்தில்லாமலே உடல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய தேடல். மகள் பத்மினிக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை. கரண்ட் போனால் இன்சுலின் குப்பியை மண்பானைக்குள் வைக்கும் வீடு அது.

ஒரே ஒரு எலி, மருந்தை நிறுத்திய பிறகும் நன்றாக இருந்தது. வாரங்கள் போயின, சர்க்கரை ஏறவில்லை. நாங்கள் குதித்தோம். அண்ணனின் அக்கா ஆய்வுக்கூடத்துக்கே வந்து, "எங்க பிள்ளைக்கு எப்ப வைக்கப் போறீக?" என்று கேட்டார். பத்மினி ஊசியை நிறுத்த நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனோ, திட்டுகள் பதித்த சிறுநீரகத்தை வெட்டியெடுக்க வேண்டும் என்றார். மற்றொன்றை வைத்து எலி பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"இருக்குறதே ஒண்ணு, அதையும் கெடுக்கணுமாண்ணே?"

"மாப்ள, எடுத்த பிறகு சர்க்கரை ஏறுச்சுன்னா நாம வச்சதுதான் வேலை செஞ்சிருக்கு. ஏறலைன்னா அதோட சொந்தக் கணையமே தேறிருச்சுன்னு அர்த்தம். எம் பிள்ளைக்கு உள்ள தேறுறதுக்கு ஒண்ணும் இல்லய்யா."

வீட்டில் சர்க்கரை இறங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்ட மனிதர், சிறுநீரகத்தை எடுத்த பிறகு கூண்டின் முன்னால் அது ஏறவேண்டும் என்று நின்றார். ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. எலிக்குத் தண்ணீர் வைத்தார்.

"அது பிழைச்சுக்கிச்சு, நாமதான் ஏமாந்துட்டோம். வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

முதலில் மகளிடம் சொன்னார். எங்கள் தலைவரிடம் பிறகுதான் சொன்னார். அவள் சில நாள் அவரோடு பேசவில்லை. ஊசியை மட்டும் நிறுத்தவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். ஓரமாக நின்று, கடையில் வாங்கிவந்த இட்லியைப் பத்மினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பன எடுக்குறதுக்குள்ள சாப்பாடாடி?"

"ஊசி போட்டாச்சு அத்தை. சாப்புடலைன்னா சர்க்கரை இறங்கிரும், என்னையும் சேத்துத்தான் எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதுதான். அண்ணன் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

ஆசைப்பட்ட முடிவு கையில் கிடைத்தால், அதைக் கவிழ்க்கக்கூடிய சோதனையை முதலில் செய்துவிடுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். பத்மினி இட்லியை முடித்து, கை கழுவி, அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.