மாரிக்கண்ணன் காட்டிய கை

மதுரையில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டத்தை நம் ஊர்க் கல்லூரியின் பி.டி. மாஸ்டர் மாரிக்கண்ணன் விற்றுவிட்டார் என்று ஊரில் பேச்சு. பத்திரிகைக்கு எழுதுகிற எனக்கு அதைச் சொன்னவர், விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்டிருக்கும் சங்கையா. செய்தி பெரிதாக இருந்தால் அவர் டீயை உயரமாக ஆற்றுவார். அன்றைக்கு டம்ளர் கூரையைத் தொட்டது.

"ஆதாரம் இருக்காண்ணே?" என்றேன்.

"இந்தா இருக்குல்ல" என்று போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிய வீடியோப் படம்தான். நம் அணி ஒரு கோல் முன்னிலையில் நிற்கிறது, ஆட்டம் முடியும் நேரம். எங்கேயோ டமார், டமார் என்று வெடிச் சத்தம். கோலி முனியராஜ் கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்கு வெளியே ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் மொத்த அணியும் ஓடுகிறது. எதிரணிப் பையன் ஒருவன் என்ன நடக்கிறது என்று புரியாமல் கொஞ்சம் நின்றான். பிறகு, சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று பந்தைக் காலிக் கோலுக்குள் தட்டிவிட்டான். அதன்பின் டை பிரேக்கர். நம் பையன்களுக்கு நடுக்கம் நிற்கவில்லை. தோற்றார்கள்.

இதுவரைக்கும்கூட மன்னிக்கலாம். படத்தின் ஓரத்தில் மாரிக்கண்ணன் நிற்கிறார். இரண்டு கையையும் வீசி, ஓடு ஓடு என்று பையன்களை வெளியே விரட்டுகிறார்.

"காசு வாங்காமலா இப்பிடிக் கையக் காட்டுவாரு? பொய்யின்னு நீங்க காட்டிட்டா எண்ணெய் புரோட்டா நான் வாங்கித் தாரேன். நெசமுன்னா நீங்க வாங்கித் தரணும்" என்றார் சங்கையா. ஒப்புக்கொண்டேன்.

இதற்குள் கல்லூரிக் கமிட்டி மாரிக்கண்ணனை வீட்டுக்கு அனுப்பும் பேச்சைத் தொடங்கியிருந்தது. அவர் போனால் அணியும் போகும். விளையாட்டுக்காகக் கட்டணம் வாங்காமல் சேர்த்திருந்த பையன்கள் பழையபடி பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறவேண்டியதுதான்.

மாரிக்கண்ணன் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அப்பா ராக்கப்பன் மிளகாய் வத்தல் போட்ட சம்சாரி, விவசாயி. மகன் பந்து உதைக்கப் போயிருக்கிறான் என்று சொல்ல வெட்கப்பட்டு, டவுனில் படிக்கிறான் என்றே சொல்லிவந்தார். மகன் இரண்டையும் செய்தார். ரயில்வே அணித் தேர்வில் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பினார். கணுக்கால் மடங்கிவிட்டது என்பார். யார் மடக்கியது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இப்படிப் பேச்சை மாற்றுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரி அணியில் பதினொரு பேர் தேற மாட்டார்கள். மாசி, பங்குனி வந்தால் மைதானமும் இருக்காது. கமிட்டியில் பாதிப்பேர் மொத்த வியாபாரிகள். அவர்களுடைய வத்தல் அங்கே காயும். சொந்த மைதானத்தில் ஆடுவது சாதகம் என்பார்கள். நமக்கு அது வாய்க்கவில்லை. இரண்டு அணியும் தும்மும், ஆனால் வந்தவர்கள் தும்மிக்கொண்டே கோல் போடுவார்கள். மாரிக்கண்ணன் வத்தலை எடுக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை. பக்கத்திலேயே பயிற்சி வைத்தார். பந்து தினமும் தவறி வத்தலுக்குள் விழுந்தது, பையன்கள் மன்னிப்புக் கேட்டபடியே அதை மிதித்துப் போய் எடுத்தார்கள். வியாபாரிகள் தாங்களாகவே வத்தலை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உதைக்கத் தெரிந்த ஆளிடம் பந்து தினமும் தவறுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது ஆள் தேடும் வேலை. மற்ற கல்லூரிகள் பள்ளிப் போட்டிகளுக்குப் போய் ஆள் பிடித்தன. இவர் விடியற்காலையில் சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில், கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றார். அந்தக் கதையை முனியராஜின் அம்மா பஞ்சம்மாளிடம் கேட்டேன். அவரும் பட்டாசுக் கம்பெனி வேலைக்குத்தான் போகிறார்.

"மொதல்ல லேபர் ஆபீசருன்னு நெனச்சோம். பயலுகளப் பாத்து, ஒனக்கு வயசு என்ன, எங்கன படிச்சன்னு கேட்டா பின்ன என்னன்னு நெனைக்க? பெறகு வேற கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்த புரோக்கருன்னாக. எங்க போர்மேன் அவரு வண்டியில காத்தப் புடுங்கி விட்டுட்டாரு. பேசாமத் தள்ளிக்கிட்டுப் போனாரு. மறுநாளும் வந்து நிக்காரு! அப்பத்தான் எனக்குச் சந்தேகம் கூடுச்சு. ஆபீசருன்னா மறுநாள் வரமாட்டான்லா?"

"பிறகு எப்படி மகனை அனுப்பினீங்க?"

"இவன் பிளஸ் டூ முடிச்சிட்டு என்கூட வேலைக்கு வந்துக்கிட்டு இருந்தான். ஒருநா எந்திரிக்க நேரமாகி வேனை விட்டுட்டான். தூக்குவாளியோட பின்னாடியே ஓடியாந்து ஏறுனான். அந்த மனுசன் வேனுக்குள்ள எட்டிப் பாத்து, 'தூக்குவாளியத் தெறலே'ங்காரு. தெறந்தா, ரசம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தல. 'ஏலே, நீ காலேஜுக்கு வாலே'ன்னுட்டாரு. ரசத்தப் பாத்து காலேஜ்ல சேக்குற ஆள நீங்க எங்கயாவது பாத்திருக்கீகளா?"

பார்த்ததில்லை. ஓட்டக்காரனை ஏன் கோலியாக நிறுத்தினார் என்று மாரிக்கண்ணனிடமே கேட்டேன். "கால் எல்லாவனுக்கும் இருக்கு. அவனுக்குக் கை நல்லா இருந்துச்சு" என்றார்.

நேரே விஷயத்துக்கு வந்தேன். "மதுரையில் கையைக் காட்டினீங்களா?"

"காட்டுனேன்."

"ஏன்?"

"வெடிச்சுச்சுல்லா."

அவ்வளவுதான். பிறகு வலையின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டார். இதைவிடக் குறைவாகப் பேசி யாரும் என் சந்தேகத்தை வளர்த்ததில்லை.

கல்லூரிச் செயலர் ரத்தினசாமி அண்ணாச்சியைப் பார்க்கச் சிவகாசிக்குப் போனேன். பட்டாசுக் கம்பெனியும் காலண்டர் அச்சகமும் அவருக்கு உண்டு. மாஸ்டர் ஆட்டத்தை விற்றாரா, காசு வாங்கினாரா என்பதல்ல அவருடைய கோபம்.

"யாவாரத்தையே கெடுத்துட்டானுகளே! நான் வெடி விக்கிறவன். என் காலேஜ் பயலுக வெடிச் சத்தத்துக்கு ஓடுறத ஊரே போன்ல பாக்குது. ஆண்டுவிழாவுக்கு வடக்க இருந்து ஆர்டர் குடுக்குறவுக வர்றாக. சரவெடி போட்டுத்தான் மேட்ச் தொடங்கும். ஒரு பய கோட்டைத் தாண்டி வெளிய ஓடுனாலும் மாஸ்டரும் அவனுகளும் சேந்து கிளம்ப வேண்டியதுதான்."

வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தான் அவர் மகன் சூர்யபிரகாஷ். அணியோடு மதுரைக்குப் போனவன். அங்கே வெடி போட்டது எதிரணி ஆட்களா என்று கேட்டுவைத்தேன்.

"ஐயோ, அது நான் அங்கிள். எப்பிடியும் ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். ரீல்ஸ் எடுக்கணும்ல. விசில் அடிக்கிறவரை இருந்தா வெளிச்சம் போயிரும்னு சுவத்துக்குப் பின்னாடி நின்னு முன்னாடியே கொளுத்திட்டேன்" என்றான். கொஞ்சமும் கூச்சமில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"மாஸ்டருக்கு அன்னைக்கே தெரியுமே, சொல்லிருப்பாருன்னு நெனச்சேன். சொல்லலையா?"

சொல்லியிருந்தால் அண்ணாச்சி மாஸ்டரைத் திட்டிக்கொண்டு இருக்க மாட்டார். ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பும். அந்த வார்த்தையை ஒருவர் ஏன் வாயிலேயே வைத்திருக்கிறார்? புரோட்டா சங்கையாவுக்குத்தான் போகும்போல என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் மைதானத்துக்குப் போனால் அங்கே வெடிச் சத்தம். மாரிக்கண்ணன் கையில் ஊதுபத்தியோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் குனிந்து, ஒத்தை வெடியாகக் கொளுத்திக்கொண்டிருந்தார். வெடித்ததும் பையன்கள் சிதறினார்கள். அவர் விசில் ஊதினார். "ஏலே, திரும்பி வாங்கலே! நில்லுங்கலே!" மறுபடியும் ஒன்று. இப்படியே சில சாயங்காலங்கள் போயின. கடைசியில் முனியராஜ் தோளை மட்டும் குலுக்கிக்கொண்டு கம்பத்தடியிலேயே நின்றான். மாரிக்கண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

அவன் நின்றதைப் பஞ்சம்மாளும் பார்த்துவிட்டார். சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், பையை அங்கேயே வைத்துவிட்டு மைதானத்துக்குள் வந்தார்.

"சார், என்ன பழக்கிக்கிட்டு இருக்கீக?"

"நிக்கப் பழக்குதேன்க்கா."

"நின்னா?"

"மேட்ச் ஜெயிக்கலாம். என் வேலையும் நிலைக்கும். இவனுக படிப்பும் நிலைக்கும்."

"சரி, லீவுக்கு இவன் எங்கன வாரான்? எங்க கம்பெனிக்குத்தான கூலிக்கு வாரான்? அங்கன சத்தம் கேட்டா, சார் விசில் ஊதுவாருன்னு நிப்பானா?"

பட்டாசுக் கம்பெனியில் ஒரு சின்ன அறைக்கு நாலு பக்கமும் வாசல் எதற்கென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடவேண்டும். எதற்கும் திரும்பக் கூடாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மாரிக்கண்ணன் ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்தார்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அவருடைய அக்கா பாண்டிமீனாவும் கம்பெனி வேலைக்குப் போனவர்தான். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. அக்கா ஓடினார். கூட வேலை பார்த்தவர் தூக்குவாளியை எடுக்கத் திரும்பினார். "அக்கா இப்ப இருக்கா" என்றார். இன்னொருவரைப் பற்றிச் சொல்லவில்லை. "மதுரையில சத்தம் கேட்டப்ப எனக்கு மேட்ச் ஞாபகம் இல்ல. கை தானா வீசிருச்சு. கோச்சு பண்ணுற வேலையா அது? தப்புதான்."

இதை அவர் கமிட்டியில் ஏன் சொல்லவில்லை? கேட்டேன். "தோத்த பெறகு என்ன சொன்னாலும் சாக்குன்னுதான சொல்லுவாக" என்றார். நம்பலாம். ஆனால் சூர்யபிரகாஷ் விஷயத்தில் அவர் வாய் திறக்காதது இதற்குள் அடங்கவில்லை. அதை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆண்டுவிழா வந்தது. பந்தலில் வடக்கத்தி வியாபாரிகள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய மாணவர்கள் அணி மைதானத்தில் தயாராக நின்றது. நம் அணியைக் காணோம். அண்ணாச்சி முகம் கறுத்தது. மைதானத்தின் கேட்டுக்கு வெளியே ரோட்டில் சரவெடியை நீளமாக விரித்துப் போட்டிருந்தார்கள். ஊதுபத்தியோடு நின்றவன் சூர்யபிரகாஷ். அவனை அங்கே நிறுத்தியது மாரிக்கண்ணன்தான் என்று பிறகு தெரிந்தது.

அணி அந்தச் சரவெடிக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றது. அவர்களுக்குப் பின்னால் சரவெடி, இரண்டு பக்கமும் கல்லூரிச் சுவர். ஓடுவதற்கு வெட்டவெளி ஒன்றுதான்; அது மைதானம்.

சரம் பற்றியது. பையன்கள் ஓடினார்கள். தலைதெறிக்க, எதையும் திரும்பிப் பார்க்காமல், கேட் வழியாக மைதானத்தின் நடுவட்டம்வரை ஓடினார்கள். முதல் ஆள் முனியராஜ். பின்னால் புகை, முன்னால் நீலச் சட்டைகள். வடக்கத்தி வியாபாரிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இப்படி ஒரு நுழைவை அவர்கள் டிவியில்கூடப் பார்த்ததில்லையாம். ஒரு பயலும் கோட்டைத் தாண்டி வெளியே ஓடவில்லை. எல்லோரும் உள்ளேதான் ஓடினார்கள். ஆட்டம் முடிகிறவரை வேறு வெடி வேண்டாம், புல் தீப்பிடிக்கும் என்று மாரிக்கண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அந்த மைதானத்தில் எங்கே புல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஜெயித்தார்கள். மேடையில் அண்ணாச்சி மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். கால்பந்துப் பையன்கள் எல்லோருக்கும் படிப்பு முடிகிறவரை ஹாஸ்டலில் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம் என்று அறிவித்தார். அதுவரை அவர்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அண்ணாச்சி கொடுக்கக்கூடியவர்தான், ஆனால் கேட்காமல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் மாரிக்கண்ணனைப் பிடித்தேன்.

"மதுரையில் வெடி போட்டது யார் என்று அண்ணாச்சியிடம் சொன்னீங்களா?"

"போன வாரம் சொன்னேன். தனியாத்தான்."

"என்ன சொன்னார்?"

"வெளிய தெரிய வேண்டாம்னாரு."

"நீங்க?"

"பயலுகளுக்கு ஹாஸ்டல்ல சோறு போடுங்கண்ணாச்சின்னேன். லீவுலயும் போடுங்க, வேன் ஏற வேண்டாம்னேன்."

"இதுக்குப் பேரு பேரம் இல்லையா?"

"கோச்சிங்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹாஸ்டல்ல பேரு ஏறிருச்சு. எழுதிக்கிடுங்க" என்றார். வத்தலுக்குள் பந்து தவறி விழுந்த கதை எனக்கு அப்போது மறுபடி ஞாபகம் வந்தது.

சங்கையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் ஆட்டத்தை விற்கவில்லை, ஆகவே புரோட்டா எனக்கு என்றேன்.

"அதெப்பிடி? தோத்ததுக்கு ஒண்ணு கெடச்சிருக்குல்லா?"

"தோற்ற பிறகு கேட்டு வாங்கினார் அண்ணே. வாங்கிக்கொண்டு தோற்கவில்லை."

"முன்னாடி வாங்குனா என்ன, பின்னாடி வாங்குனா என்ன? வாங்குனாரா, இல்லையா?"

"பையன்களுக்குச் சோறு வாங்கினார்."

"அப்ப எனக்குப் புரோட்டா."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஒன்றாகவே நடக்கிறோம். புரோட்டாக் கடை வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "எனக்குப் பசியில்லை" என்கிறோம். கல்லில் எண்ணெய் கொதிக்கிறது. கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.