கிடை போட்ட மூலை

மூன்று வருடம் வீட்டில் சும்மா இருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் எதற்கும் தலையாட்டுவான். நானும் ஆட்டினேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்த நூல் மில்லை மூடிய பிறகு அருப்புக்கோட்டையில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. நாற்பத்து மூன்று வயதுக்காரனுக்கு எல்லோரும் மரியாதையாக மோர் கொடுத்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். மனைவி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் நான் டீ குடிக்க வெளியே வருவேன்.

அந்தத் தை மாதம் கிடைத்தது, பயிர்க் காப்பீட்டுக்காக விளைச்சலை அளக்கும் வேலை. ஊருக்கு நாலு வயலைக் குலுக்கலில் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போட்டு, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாலின் சராசரி குறைவாக இருந்தால் ஊருக்கே நஷ்ட ஈடு வரும். கூடிவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. அறுவடை முடியும்வரை இரண்டு மாதம், சொந்த வண்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி.

வண்டி மாடிப்படிக்குக் கீழே மூன்று வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மெக்கானிக் என்னென்னவோ மாற்றினார். ஆனாலும் அணைத்துவிட்டால் சரிவில் உருட்டினால்தான் மறுபடி உயிர் வரும். முதல் நாள் காலையில் மனைவி சீட்டைப் பழைய சேலையால் துடைத்து, சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். "நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்று சிடுசிடுத்தேன். அவள் சிரித்தாள். திருச்சுழி ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் நான் பாடிக்கொண்டு போனதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பயிற்சியில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, போன் காட்டும் எண்ணுக்கு அடி எண்ணிப் போய், அங்கேதான் முளை அடிக்க வேண்டும். வசதியான இடம் பார்த்து அடிக்கக் கூடாது.

இரண்டாவது வாரம் பரளச்சிக்குத் தெற்கே ஓர் ஊரில் மக்காச்சோள வயல். கண்மாய்க் கரைச் சரிவில் வண்டியை நிறுத்தினேன். அது வயலின் வடகிழக்கு மூலை. வயல்காரி மட்டும்தான் இருந்தார். வீட்டுக்காரர் மிளகாய் லோடு ஏற்றப் போயிருந்தார்.

"வாங்க தம்பி" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் தென்மேற்கைப் பார்த்து நடக்கத் திரும்பினேன்.

"அங்கன போயி என்னத்தப் பாக்கப் போறீக? மழையில்லாம, புழு விழுந்து, கதிரு வெரல் தண்டிக்குக் கெடக்கு. மொதமொத வந்திருக்கீக, இங்கிட்டுப் பாருங்க. சித்திரையில இந்த மூலையில மட்டும் பத்து நாளு ஆட்டுக்கிடை போட்டோம்."

ஆடுகள் ராத்தங்கிய இடத்தில் புழுக்கையும் மூத்திரமும் இறங்கி, அந்த மூலை மட்டும் கரும்பச்சையாக நின்றது. நஷ்டத்தை அளக்க வந்தவனிடம் தன் வயலின் நல்ல மூலையைக் காட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. விருந்தாளிக்குக் கிழிந்த பாயைப் போட மனசு வராத வீட்டுக்காரி அவர்.

எனக்குத் தெரியும். 'அக்கா, குறைச்சலா இருந்தாத்தான் உங்க ஊருக்கு நல்லது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலேகூட முறைப்படி நடந்து போயிருக்கலாம். ஆனால் தென்மேற்கு மூலைக்குப் போகும் வரப்பெல்லாம் கருவேலமுள். வெயில் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு ஊர் பாக்கி. அதோடு, மூன்று வருடத்தில் அப்படி முகம் மலர்ந்து என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. அங்கேயே முளை அடித்தேன். கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.

தராசைப் பார்த்துவிட்டு, "ஒங்க கைராசி தம்பி!" என்றார். நானும் பெருமையாகச் சிரித்தேன். கேடுகெட்ட சிரிப்பு.

திரும்பும்போது திருச்சுழியில் டீக்கடையில் உட்கார்ந்து போனில் விவரம் நிரப்பினேன். தென்மேற்கு மூலையிலிருந்து அளந்தீர்களா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அந்த வயலை அறுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. தவறு நடந்துவிட்டது, நாளைக்குத் திரும்ப அளக்கிறேன் என்று ஒரு போன் போட்டால் போதும். ஆனால் முந்தின வாரம்தான் எங்களில் ஒருவரை, வயல் மாற்றிப் படம் எடுத்ததற்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் தெருமுனை பார்த்து டீ குடிக்கப் போவதை நினைத்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று சோறு போடும்போது, "கறுத்துட்டீங்க" என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னாள்.

சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நஷ்ட ஈடு வந்தது. அந்த ஊருக்கு வரவில்லை. மூன்று வயலில் ஒன்றுமில்லையாம், ஒரே ஒரு வயல் சராசரியைத் தூக்கிவிட்டதாம். அந்த ஒன்று நான் அளந்தது.

இந்தத் தையிலும் என்னைக் கூப்பிட்டார்கள். பட்டியலில் அந்த ஊரும் இருந்தது. வேறு ஆளிடம் தள்ளிவிட்டிருக்கலாம். அந்த வயல்காரியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இந்த முறை குலுக்கலில் வந்தது அவருடைய கொழுந்தன் வயல். கைராசிக்காரத் தம்பி வந்திருக்கிறார் என்று கேட்டு அவரே வந்துவிட்டார்.

நான் நேராகத் தென்மேற்கு மூலைக்கு நடந்தேன்.

"அங்கிட்டு ஏன் தம்பி? ஒண்ணுமே இல்லையே."

"இங்க இருந்துதான்க்கா அளக்கணும். வெளச்சல் கம்மியா இருந்தாத்தான் ஊருக்குப் பணம் வரும். நல்ல எடமாப் பாத்து அளக்கக் கூடாது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இதற்கு அடுத்ததுதான் சொல்ல வந்தது. அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அப்ப போன வருசம்… நாந்தான ஒங்கள அங்கிட்டுப் போக விடாம கிடை போட்ட எடத்தக் காட்டுனேன்." கையை வாயில் வைத்துக்கொண்டார். "ஊரு பணத்த நானா கெடுத்தேன்?"

இல்லை அக்கா, நான் கெடுத்தேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "தம்பி, இத ஊருல யார்ட்டயும் சொல்லிறாதீக. எங்க வீட்டு அவுகளுக்குக்கூடத் தெரிய வேணாம்."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.

"நல்லாருப்பீக" என்றார். குனிந்து கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.