சூடு ஆறட்டும், மாமா

இரண்டு மர ஸ்கேல்களுக்கு நடுவே மாவு. உருட்டுக்கட்டையின் இரு முனைகளும் ஸ்கேல்களின் மேல் ஓடுகின்றன. கை எவ்வளவு அழுத்தினாலும் மாவு ஸ்கேலின் கனத்துக்குக் கீழே இறங்காது. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கவும் செய்யாது. அடுத்து, துணியில் தையல்கோடு குறிக்கும் பல்சக்கரம். மாவுக்கென்றே தனியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார் காஜாக்கா. அது உருளும் வழியெல்லாம் ஊசித்துளைகள்.

"ஓட்டை இல்லாட்டி உள்ள இருக்குற ஆவி எங்க போகும்? பலூனா உப்பிக்கும்."

தொழில் தையல். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் பெயர் வாங்கியவர் என்பதால் தெருவுக்கே 'காஜாக்கா'. துணி வெட்டும் மேசையின் ஒரு பாதி இப்போது உப்பு பிஸ்கட்டுக்கு. சட்டை வாங்க வந்த ஒருவர், "பிஸ்கட்டுக்கும் லைனிங் உண்டாக்கா?" என்றார். "முதல்ல உன் வாய்க்கு ஒரு காஜா எடுக்கணும். பட்டன் போட்டு மூடிடலாம்" என்று பதில் வந்தது.

வெட்டியதில் மிஞ்சும் ஓரத்துண்டுகளை மறுபடி பிசைவதில்லை. பிசைந்தால் மாவு ரப்பராகிவிடும் என்பார். துண்டு துண்டாகவே சுட்டு, தானே கொறித்துவிடுவார். ஓவன் அடுப்பில் ஓரத்தில் இருப்பவைதான் முதலில் சிவக்கும். அவற்றை முதலில் எடுக்கிறார். பிறகு அடுப்பை அணைத்து, கதவிடுக்கில் ஒரு நூல்கண்டைச் செருகி, மிச்ச ஈரத்தை வெளியேற விடுகிறார்.

மிஷின் மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது. இனி அரைநாள்தான் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதி அரைநாளுக்கு ஒரு வேலை வேண்டும். அவருடைய சொந்த அக்காவின் புருஷனுக்கு டீக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டுக்கென்று ஒரு கண்ணாடி ஜாடி. "அந்த ஜாடிதான் எனக்கு இன்னொரு காலு" என்கிறார் காஜாக்கா.

ஆனால் இரண்டு முறை டின் திரும்பி வந்தது. நமுத்துப்போன பிஸ்கட்.

குற்றம் மாவில் இல்லை, பழக்கத்தில். இஸ்திரி போட்ட துணியைச் சூட்டோடு மடித்தால்தான் மடிப்பு நிற்கும். அதே கணக்கில் பிஸ்கட்டையும் சூட்டோடு டின்னில் அடுக்கி மூடினார். மொறுமொறுப்பு உள்ளேயே நிற்கும் என்று நினைப்பு, நின்றது ஆவி. தட்டில் மறந்துவிட்ட நாலைந்து மட்டும் மறுநாளும் முறுகலாக இருந்ததைப் பார்த்த பிறகே புரிந்தது.

இன்று மூன்றாவது தடவை. கம்பித்தட்டில் பிஸ்கட் ஆறிக்கொண்டிருக்கிறது. டீக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார்.

"என்னம்மா, கொடியில போட்டு க்ளிப் மாட்டப் போறியா? அங்க ஜாடி பல்லை இளிக்குது."

"சூடு ஆறட்டும், மாமா."

"டீ ஆறினா சாக்கடைக்கு. பிஸ்கட் ஆறினா மட்டும் தங்கமாயிடுமா?"

"சூட்டோட மூடித்தான் ரெண்டு தடவை மூக்கறுபட்டேன்."

"இதான் கடைசி, சொல்லிட்டேன். பிஸ்கட் கம்பெனி வண்டி தெருமுனையில நிக்குது. அவன் சரக்கை ஜாடில ரொப்பிட்டுப் போகட்டுமா?"

"ரொப்பிக்குங்க. சூடா மட்டும் தர மாட்டேன்."

"உங்க அக்காவே தேவலை" என்று முனகியபடி வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காருகிறார். காஜாக்கா ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்கத் தொடங்குகிறார். தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்கிறது. ஊசி ஒரு நொடி நின்று, மறுபடி துணிக்குள் இறங்குகிறது.

பட்டன் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும் எழுகிறார். தட்டின் நடுவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். பிறகு அதை டீக்கடைக்காரரின் காதருகே கொண்டுபோய் உடைக்கிறார். 'டக்' என்கிறது.

அவர் இரண்டு பாதியையும் வாங்கித் தின்கிறார். மெல்லும் சத்தம் மேசையின் மறுபக்கம் வரை கேட்கிறது. அவர் கை மறுபடி தட்டுக்கு நீள்கிறது.

காஜாக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிடுகிறார். பிஸ்கட்டை டின்னில் அடுக்கி, மூடியை உள்ளங்கையால் அழுத்தி, அவர் மடியில் வைக்கிறார்.