புத்தருக்கு முதுகு காட்டாதவர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எங்கள் லின்ஃபீல்ட் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. படம் இல்லாத வெறும் ஆணி. வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே என் மனைவி அதை அடித்துவிட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று அதில் தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் கல்யாண ஆல்பம் யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியோடு போயிற்று. அலுமாரி வீட்டோடு போயிற்று. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் எங்கள் மகள்தான் நடுநாயகமாக இருப்பாள். பக்கத்தில் நானோ மனைவியோ அரைகுறையாக நிற்போம். மற்றவர் கமெராவுக்குப் பின்னால். ஆகவே ஆணி சும்மா கிடந்தது. நான் அதில் கார்ச் சாவியை மாட்டுவேன். அவள் எடுத்து மேசையில் போட்டுவிட்டு என்னை முறைப்பாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் திருமண வெள்ளிவிழா வந்தது. எங்கள் சபையில் வெள்ளிவிழா என்றால் மண்டப வாசலில் தம்பதியின் படத்தைப் பெரிதாக்கி வைப்பது வழக்கம். மாலை போடமாட்டார்கள், போட்டால் வருகிறவர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். எங்களிடம் வைப்பதற்குப் படம் இல்லை. பிரயாணம் ஒன்று போய் அங்கே எடுத்துக்கொண்டு வருவோம் என்று முடிவானது. அவள் எருசலேம் என்றாள். நான் சீனா என்றேன்.

நான் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியராக இருந்தவன். ஆக்லாந்துக்கு வந்த பிறகு மழைநீர் வடிகால் பார்க்கிற வேலை. ஆறு என்று ஒன்றைக் கண்ணால் கண்டே கன காலம். யாங்சி நதிக்குக் குறுக்கே உலகத்தையே பிரமிக்க வைக்கும் அணை எழும்புகிறது, கொஞ்சக் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போய்விடும் என்று பேப்பரில் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எருசலேம் எங்கேயும் போகாது, ஆறு போய்விடும் என்று வாதாடினேன். அவள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

“ஆறும் மலையும் பின்னால, நாங்கள் முன்னால. முகம் வடிவாத் தெரியவேணும். அப்பிடி ஒரு படம் இல்லாமல் நான் திரும்பி வரமாட்டன்.”

ஆக்லாந்திலிருந்து ஒரு சுற்றுலாக் குழுவோடு புறப்பட்டோம். எங்களைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிவிகள், அதாவது நியூசிலாந்துக்காரர். அதில் வைக்காட்டோ பக்கம் மாடு வளர்த்த ஒரு விவசாயி இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை. யார் கமெராவை நீட்டினாலும் வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பார். அவரிடம் எங்கள் கமெராவை ஒப்படைத்ததோடு என் மனைவிக்கு அரைவாசி நிம்மதி வந்தது.

முதல் பெரிய இடம் லெஷான். மலையையே குடைந்து செய்த புத்தர், ஆறுகள் கூடும் இடத்தில் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காலின் பெருவிரல் நகத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். இதைக் கட்டியவர்கள் மழைநீர் வடிய அவருடைய தலைமுடிச் சுருளுக்குள்ளேயே கான் வெட்டியிருக்கிறார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னபோது நான் உருகிவிட்டேன். ஆக்லாந்தில் ஒரு தெருவுக்கு ஒழுங்கான கான் போட நாங்கள் எத்தனை கூட்டம் கூடுவோம். மனைவி என் கையைக் கிள்ளி, வடிகாலைப் பற்றிப் பிறகு யோசிக்கச் சொன்னாள்.

புத்தரின் தலைக்குப் பக்கத்தில், மலை உச்சியில் ஒரு கோயில். வாசலில் நாங்கள் இருவரும் யோசிக்காமலே சப்பாத்துகளைக் கழற்றிச் சோடி சேர்த்து ஓரமாக வைத்தோம். நான் தொப்பியையும் எடுத்துவிட்டேன். இதில் பக்தி ஒன்றும் இல்லை, நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனால் கல்யாணமான புதிதில் கண்டியில் இருந்தோம். விகாரைக்குள் சப்பாத்துக் கூடாது, தொப்பி கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. சிங்களவர் யாரும் செய்தாலே பேச்சு விழும். தமிழர் செய்தால் அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயம் எங்கள் எலும்புக்குள் இறங்கியிருந்தது. சீனாவில் எல்லோரும் சப்பாத்தோடு டக்கு டக்கென்று உள்ளே போய் வருகிறார்கள் என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

வெளியே வந்தால் சப்பாத்துகளைக் காணவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருவர், யாரோ வேண்டாம் என்று விட்டுப் போனவை என்று நினைத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். கூடை வண்டியில் ஏறிவிட்டது. வண்டி மலையிறங்கிவிட்டது. வழிகாட்டிப் பெண் தலையில் கை வைத்தாள். ஏன் கழற்றினீர்கள் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கோயில் என்றால் கழற்றத்தானே வேண்டும் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணுக்கும் மற்றவர் பைத்தியம்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற விவசாயி குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். கிவிக்காரருக்கு அது பெரிய விஷயமே இல்லை. வெறுங்காலோடு தெருமுனை டெயரிக் கடைக்குப் போய்ப் பாலும் பாணும் வாங்குகிற சனம். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். எங்கள் நிறத்தை வைத்து நாங்கள் பரம்பரைப் பௌத்தர்கள் என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் செய்வதுதான் சரியான முறையாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஆகப் பாறையில் வெட்டிய படிக்கட்டில் முழு நியூசிலாந்தும் வெறுங்காலோடு இறங்கியது. நியூசிலாந்தில் சப்பாத்து அணியும் வழக்கம் இல்லை போலும் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

கீழே புத்தரின் காலடியில் படம் எடுக்கும் கட்டம் வந்தது. எனக்கும் மனைவிக்கும் இடையில் ஒரு வார்த்தை கூடப் பேச்சில்லை. இருவரும் ஒரே நேரத்தில் புத்தரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவருக்கு முகம், கமெராவுக்கு முதுகு. திரும்பச் சொல்லி விவசாயி பின்னாலிருந்து கையைக் காட்டினாராம். எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தலையைத் திருப்பி, புத்தருக்கு முதுகு காட்டக் கூடாது என்று நான் உரத்து விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எடுத்தார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கையில் வைத்திருந்தேன். மனைவி எதையோ தூக்கி என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது.

“என்னத்தையப்பா பிடிக்கிறீர்? படத்தில விழப்போகுது.”

“தலை நனைஞ்சாச் சளி பிடிக்கும். சும்மா நில்லுங்கோ.”

பிறகு குழுப் படம். எங்கள் விளக்கம் அதற்குள் எல்லோருக்கும் பரவிவிட்டது. பாட்டிமாரும் தாத்தாமாரும் வரிசையாக நின்று, சிரித்து, முடியைச் சரிசெய்து, பிறகு ஒன்றாகப் புத்தரைப் பார்த்துத் திரும்பினார்கள். படம் எடுத்த வழிகாட்டிப் பெண்ணின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்போம்.

அன்று மாலை அவள் எங்களுக்குத் துணிச் சப்பாத்து வாங்கித் தந்தாள். என் அளவு அந்த ஊரிலேயே இல்லை. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு மிச்சச் சீனாவை நடந்தேன்.

அடுத்தது டாசு. அங்கே பாறையில் ஒரு பெரிய புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே காணோம். கால் எங்கே என்று கேட்டேன், மலைக்குள் இருக்கிறதாம். இதனால் எங்களுக்கு ஒரு பிரச்சினை. தலை ஒரு பக்கம், கால் மலைக்குள். எந்தப் பக்கம் திரும்பினால் முதுகு காட்டாமல் நிற்கலாம்? நானும் மனைவியும் இதைப் பற்றி மெல்லிய குரலில் தர்க்கம் பண்ண, பின்னால் எங்கள் குழு பொறுமையாகத் தீர்ப்புக்குக் காத்திருந்தது. கடைசியில் பாறையைப் பார்த்து நேராக நின்றோம். எல்லோரும் நேராக நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு, எங்களோடு சம்பந்தமே இல்லாத ஜெர்மன்காரர் சிலரும் தங்கள் கமெராவுக்கு முதுகைத் திருப்பினார்கள்.  இனி யாரைத் திருத்துவது?

மனைவிக்கு இதனால் கவலை இல்லை. புத்தர் படம் புத்தருக்கு, முகம் ஆற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆற்றுக்கு முதுகு காட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை.

சொங்சிங்கில் கப்பல் ஏறினோம். பள்ளத்தாக்குகளுக்குள் கப்பல் நுழைந்தபோது நான் நீர்ப்பாசனத்தையும் மறந்தேன். இரண்டு பக்கமும் பாறை எழுந்து வானத்தைக் கீற்றாக்கிவிட்டது. தேநீர் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது ஆறு. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொன்னாள். அது ஒரு தேவதை. இது மாட்டு ஈரல். அது குதிரையின் நுரையீரல். பாட்டும் கவிதையும் பிறந்த ஆற்றில் இறைச்சிக் கடைச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு எல்லாமே பாறையாகத்தான் தெரிந்தது. என் மனைவிக்கோ எல்லாம் தெரிந்தது. அவள் அதோடு நிற்கவில்லை. எங்கள் சபைப் பாடகர் குழுத் தலைவர் வாயைத் திறந்தபடி நிற்கும் ஒரு பாறையையும் கண்டுபிடித்தாள். அதைப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது.

கப்பல் முன்தட்டில் விவசாயி எங்களை மாற்றி மாற்றி நிற்க வைத்து எடுத்தார். ஆறு பின்னால், மலை பின்னால், நாங்கள் முன்னால். மனைவி நல்ல சேலை கட்டி, அதன் மேல் என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எடுக்கும் கணத்தில் மட்டும் அதைக் கழற்றி என்னிடம் தருவாள். குளிரில் பல்லடிக்கச் சிரிப்பாள். கடைசி ஃபிலிம் ரோலும் முடிந்தபோது, சுவர் ஆணி நிறைந்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

ஆக்லாந்துக்கு வந்ததும் நியூ லின்னில் உள்ள ஒரு படக் கடையில் கழுவக் கொடுத்தோம். உறைக்குள் இருந்து வந்த படங்களை மனைவி சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஆற்றுப் படங்களை முதலில் எடுத்தாள். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் ராணி மாதிரி நிற்கிறாள். பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். மூடுபனிக்குள் கமெரா தானாகவே வெளிச்சம் அடிக்க, நான் தானாகவே கண்ணை மூடியிருக்கிறேன். சீனாவின் அழகான பள்ளத்தாக்குகள் முழுக்க நான் நித்திரை.

“கலியாணப் படத்திலயும் நீங்கள் இப்பிடித்தான் நிண்டனீங்கள்,” என்றாள். “ஆல்பம் துலைஞ்சதால மறந்துபோனன்.”

அவள் குரல் உடைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளிவிழாவுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. நகரின் மறுபக்கம் ஆல்பனியில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து, புத்தர் படங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் ஆர் யுவர் ஃபேசஸ் என்று கேட்டாள். குழுப் படத்தைக் கண்டதும் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அத்தனை நரைத்த பின்தலைகள், அத்தனை வெறுங்கால்கள்.

நான் லெஷான் படத்தை வாங்கிப் பார்த்தேன். என் பக்கத்தில் மனைவி. அவளை எனக்குத் தெரிந்தது. ஆனால் அவளோடு நிற்கும் அந்த வழுக்கைத் தலையன் யார்? உச்சியில் ஒரு தேநீர்ச் சோசர் அளவுக்கு ஒன்றுமே இல்லை. என் சட்டையைப் போட்டிருந்தான். என் தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

எனக்கு முடி வெட்டுவது மனைவிதான். வந்த நாளிலிருந்து கராஜில் ஸ்டூல் போட்டு, கழுத்தில் துவாயைச் சுற்றி அவளே வெட்டுவாள். பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்ட யாரும் இல்லை. நல்ல அடர்த்தி என்றுதான் எப்போதும் சொல்வாள்.

அப்போதுதான் அவளுடைய கையைப் பார்த்தேன். படத்தில் அது என் தலைக்கு மேலே நீண்டிருந்தது. சுற்றுலா வரைபடத்தை மடித்து, சரியாக அந்தச் சோசருக்கு மேலே குடை மாதிரிப் பிடித்திருந்தாள். டாசுவில் எடுத்த படத்திலும் அதே கை, அதே வரைபடம். அவளுடைய தலை மட்டும் நனைந்துகொண்டிருந்தது. அந்தக் கையை நான் எத்தனை தடவை தட்டிவிட்டிருப்பேன்!

இந்த லெஷான் படத்தைப் பெரிசாக்குவோம் என்றேன்.  அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தெரிகிற படம் ஏதும் இல்லையா என்று பணிவாகக் கேட்டார். இல்லை என்றோம். அப்படியானால் ஓர் உதவி செய்யலாம் என்று சொல்லி, மெல்லிய தூரிகையால் அந்த வழுக்கைக்குக் கறுப்புப் பூசி மறைத்துவிடலாம், யாருக்கும் தெரியவராது என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று தலையை ஆட்டப் போனேன்.

மனைவி முந்திக்கொண்டு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அதையும் மறைச்சா, இது நீங்களெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”