சீப்பைத் தெரியாத மனுசன்

இன்று காலை என் கணவரை ஸ்காபரோவில் உள்ள ஞாபகமறதி கிளினிக்குக் கூட்டிப் போனேன். எந்த வகை மறதி என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை.

சோதித்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. மேசையில் ஒரு சீப்பை வைத்து, "அங்கிள், இது என்ன?" என்று கேட்டாள்.

இவர் குனிந்து குனிந்து பார்த்தார். "சின்ன வேலி மாதிரிக் கிடக்கு. என்னெண்டு தெரியேல்லை."

"கையில எடுத்துப் பாருங்கோ."

எடுத்த கையோடு தலையை வாரத் தொடங்கினார். "அட, சீப்பு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அன்ரி, கண்ணில பிழையில்லை. பாக்கிற சாமான் என்னெண்டு மூளைக்குப் பிடிபடுதில்லை. எந்த வகையெண்டு சொல்ல இது உதவும். ஸ்கானும் எடுக்கவேணும்."

வெளியே இவரை இருத்திவிட்டுக் கோப்பி வாங்கப் போனேன். திரும்பி வந்து பேசாமல் கோப்பையை நீட்டினேன்.

என் முகத்தை நேராகப் பார்த்து, "தாங்க்யூ மிஸ்" என்றார்.

கோப்பையை அவர் கையில் வைத்தேன். பிறகு, "இஞ்சாருங்கோ, நான்தான்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும், "ஓ, நீரோ! இவ்வளவு நேரமும் எங்க போனனீர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வீடு வரும்வரை நான் வாயை மூடவில்லை. பனி, மரக்கறி விலை, மகளின் புது வேலை, எல்லாம் சொன்னேன். முப்பது வருடமாக "கொஞ்சம் பேசாமல் இரும்" என்ற மனுசன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது என்னிடம் கதை முடிந்துவிட்டது. நாளைக்கு எதைப் பேசலாம்? யாராவது சொல்லுங்களேன்.